“யூனிவர்சிட்டி சீட்டை இப்பவே பிளாக் பண்ணிடலாம்”னு சொன்னா நம்பாதீங்க. எங்க 2,85,000 ரூபாய் போச்சு

இன்னிக்கு மதியமும் அந்த ஆபீஸ் படியேறிட்டு வெறுங்கையோடதான் வந்தோம். ஆத்திரம் ஆறறதுக்குள்ள எழுதிடறேன்.

கும்பகோணத்துல மாடியில இருக்கற ஒரு வெளிநாட்டுப் படிப்பு கன்சல்டன்சி. புகார் கொடுக்கப் போற நேரம், அதனால பேரைப் போடலை. எங்களுக்குப் பாபநாசம் பக்கம். தம்பி பிளஸ் டூவுல நல்ல மார்க். அமெரிக்காவுல முதல் 2 வருஷம் கம்யூனிட்டி காலேஜ், அடுத்த 2 வருஷம் யூனிவர்சிட்டி, செலவு கம்மின்னு சொன்னாங்க. அது பொய் இல்லை. கலிபோர்னியாவுல மட்டும் 116 கம்யூனிட்டி காலேஜ் இருக்கு, அங்கேருந்து பெரிய யூனிவர்சிட்டிக்கு மாறிப் போறவங்க ஏராளம். நெசத்துக்குள்ள பொய்யைச் சுருட்டி வெச்சு வித்திருக்காங்க, அதான் வயிறு எரியுது.

முதல் நாள் அப்பாவைப் பார்த்ததும் மேனேஜர் எழுந்தே நின்னான். “ஐயா, வெயில்ல வந்திருக்கீங்க, ஏசி பக்கமா உக்காருங்க.” எத்தனை மா நிலம், ஆத்துப் பாசனமா போரான்னு விசாரிச்சான். அவன் தாத்தாவும் திருக்கருகாவூர் பக்கம் விவசாயமாம். டபராவுல காபி வந்துது. அப்புறம் ஒரு கலர் பிரின்ட்டை மேஜை மேல நகர்த்தினான். ஒரு ஓரத்துல காலேஜ் படம், இன்னொரு ஓரத்துல பெர்க்லி யூனிவர்சிட்டி மணிக்கூண்டு, நடுவுல பச்சை அம்புக்குறி. “டேக்னு ஒரு ஸ்கீம் இருக்குங்கய்யா, கேரண்டி அட்மிஷன். சீட்டை இப்பவே பிளாக் பண்ணிடலாம். விசா வரலைன்னா முழுப் பணமும் வாபஸ், என் பொறுப்பு.” அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவ்வளவுதான்.

சம்பா நெல்லை அரசு கொள்முதல் நிலையத்துல போட்ட காசு, அம்மா செயினைக் கூட்டுறவு பேங்க்ல வெச்ச காசு. 2,85,000 ரூபாய்.

டேக்குங்கறது நெசமாவே இருக்குங்க, கம்யூனிட்டி காலேஜுலேருந்து கலிபோர்னியா யூனிவர்சிட்டியோட கிளைகளுக்கு மாறிப் போறவங்களுக்கு. ஆனா அதுல பெர்க்லி கிடையாது, யூசிஎல்ஏ கிடையாது, சான் டியாகோவும் கிடையாது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ், இந்த 6 தான். அதுவும் காலேஜுல சேர்ந்து படிச்சு, கிரெடிட் சேர்த்து, ஜிபிஏங்கற சராசரி மார்க் எடுத்து, மாறிப் போறதுக்கு முந்தின வருஷம் செப்டம்பர்ல மாணவனே போடற விண்ணப்பம். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்லை. பிளஸ் டூ முடிச்ச பையனுக்குக் கும்பகோணத்துல உக்காந்துக்கிட்டு எவன் எதை பிளாக் பண்றது?

விசாவுக்குக் காலேஜ் கொடுக்கற ஐ-20 பேப்பர் வந்துது. சேவிஸ்ங்கற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர், விசா ஃபீஸ் 185 டாலர், ரெண்டும் நாங்கதான் தனியா கட்டினோம். மேட்டூர் திறந்த வாரம் சென்னையில இன்டர்வியூ. படிச்சு முடிச்சு என்ன பண்ணுவேன்னு கேட்டதுக்கு, இவங்க மனப்பாடம் பண்ண வெச்ச மாதிரியே “பெர்க்லியில சீட் உறுதி”ன்னு ஒப்பிச்சிருக்கான் தம்பி. விசா இல்லைன்னு கையில 214(பி) காகிதத்தைக் கொடுத்து அனுப்பிட்டாங்க. படிப்பு முடிஞ்சு ஊர் திரும்புவான்னு அதிகாரிக்கு நம்பிக்கை வரலைன்னா கொடுக்கறது அது.

பணத்தைக் கேட்டா முதல்ல “ரெண்டு வாரம்”. அப்புறம் “ஹெட் ஆபீஸ் அப்ரூவல் வரணும்”. அப்புறம் “மேனேஜர் ஹைதராபாத் போயிருக்கார்”. அப்புறம் “ஆடி போகட்டும்மா”. ஆடியும் போச்சு. “ஐயா”ன்னவன் இப்ப “பெருசு, இங்க வந்து கத்தாதீங்க”ங்கறான். குறுவைக்கு உரம் வாங்க அப்பா வட்டிக்கு வாங்கியிருக்கார், எங்க 2,85,000 ரூபாய் அவன்கிட்ட கிடக்கு.

பணம் காலேஜுக்குப் போயிடுச்சுன்னு ஒரு கதையும் விட்டான். காலேஜோட வெளிநாட்டு மாணவர் ஆபீசுக்கு நானே மெயில் போட்டேன். விண்ணப்பக் கட்டணம் 50 டாலர் மட்டும்தான் வந்திருக்குன்னு மறுநாளே பதில். அதைக் காட்டினா ரசீதைத் திருப்பிப் பிடிக்கறான். முன்பக்கம் அவன் கையெழுத்துலயே “அட்மிஷன்”. பின்பக்கம் எறும்பு ஊர்ற மாதிரி இங்கிலீஷ்ல “டாக்குமென்டேஷன் சர்வீஸ் சார்ஜ், நான் ரீஃபண்டபிள்”. அன்னிக்கு அதை மடிச்சு, கவர்ல போட்டு, பிள்ளையார் படத்துக்கிட்ட வெச்சு எடுத்துக் கொடுத்தான், படுபாவி.

என்ன பண்ணணும், பண்ணக்கூடாதுன்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், மனசு ஓடலை. “சீட் பிளாக்”, “கேரண்டி”ன்னு காதுல விழுந்தா எழுந்து வந்துடுங்க. காலேஜ் வெப்சைட்லயே நேரா விண்ணப்பிக்கலாம். ஐ-20 கொடுக்க அந்த காலேஜுக்கு அனுமதி இருக்கான்னு அமெரிக்க அரசோட ‘ஸ்டடி இன் தி ஸ்டேட்ஸ்’ தளத்துல தேடிப் பாருங்க. அமெரிக்க அரசோட ஆலோசனை மையமான எஜுகேஷன் யூஎஸ்ஏல ஆலோசனை இலவசம். பேங்க் பேலன்ஸ் நாங்களே காட்டிக்கறோம்னு எவனாவது சொன்னா அங்க நிக்கவே நிக்காதீங்க, போலி பேப்பர் பிடிபட்டா நிரந்தரத் தடை வரைக்கும் போகும்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர் 1915ல புகார் பதிஞ்சாச்சு. அடுத்து தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லையாம். அதே மாடியில பணம் கட்டினவங்க இருந்தா ரசீதோட ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து இன்பாக்ஸ்ல அனுப்புங்க. சேர்ந்தே போடலாம்.