முட்டித் தேய்மானத்துக்கு அக்குபஞ்சர்: ஓராண்டுக் கணக்கு

கடலூர், புதுச்சேரிப் பக்கம் முட்டி வலிக்கு அக்குபஞ்சர் என்றால் இரண்டு விதம். நாடி பார்த்து ஒரே ஒரு ஊசி, அல்லது விரலால் ஒரு தொடுதல் என்பது ஒன்று. முட்டியைச் சுற்றிப் பல ஊசி போட்டு அரைமணி நேரம் படுக்கவைப்பது இன்னொன்று. ஆய்வுகளில் சோதிக்கப்பட்டது இந்த இரண்டாவதுதான். 2005இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 8 வாரத்தில் 12 முறை, தலா 30 நிமிடம் ஊசி போட்டார்கள். வேறு இடங்களில் மேலோட்டமாகக் குத்தியவர்களைவிட 8 வார முடிவில் வலி நன்றாகக் குறைந்தது. ஓராண்டில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல் இதைப் பரிந்துரைக்கவே இல்லை. ஆக, கிடைப்பது சில மாத நிம்மதி. தேய்ந்த குருத்தெலும்பு வளராது.

முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து லேசாக மடக்கினால்தான் சில்லுக்குக் கீழே இருபுறமும் உள்ள பள்ளங்கள் விரியும். முக்கிய ஊசிகள் அங்கே. வெளிப்பக்கப் பள்ளத்திலிருந்து நான்கு விரற்கடை கீழே, முன்கால் எலும்பை ஒட்டி ஒன்று. சரியான இடத்தில் பட்டால் கனத்து, மந்தமாக இழுக்கும். சுரீரென்று மின்சாரம் போல் பாய்ந்தால் உடனே சொல்லுங்கள், நரம்பைத் தொட்டிருக்கும். உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கும் ஒருமுறை ஊசியாகவே இருக்கட்டும். வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்குக் குத்திய இடம் கன்றிப்போகலாம், முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

பலர் சறுக்குவது வலி குறைந்த பிறகுதான். நாலாவது ஐந்தாவது முறையில் கால் லேசானதும் சில்வர் பீச் மணலில் நடை, கோயிலில் சப்பணம். மறுநாள் முட்டி வீங்கிவிடும். அந்த நிம்மதியைத் தொடைத்தசைக்குத்தான் செலவழிக்கவேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி 5 விநாடி நிறுத்துங்கள். ஒரு காலுக்கு 10 தடவை, தினம் மூன்று வேளை. இதைச் செய்யாவிட்டால் ஊசியை நிறுத்திய பிறகு வலி திரும்பிவிடலாம்.

பலனை ஞாபகத்தில் வைத்து எடைபோடாதீர்கள். பஸ் படி ஏறும்போது வலி பத்துக்கு எத்தனை, அன்று எத்தனை வலி மாத்திரை என்று காலண்டர் தாளில் குறியுங்கள். ஆறு முறை முடிந்தும் எண் இறங்கவில்லையென்றால் நிறுத்திவிடலாம்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடம் போகவேண்டாம். ஊசி போட்ட பின் முட்டி சூடாகி வீங்கிக் காய்ச்சலும் வந்தால், மூட்டுக்குள் கிருமி போயிருக்கலாம். அன்றே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.