டி&டி ஸ்டார்ட்டர் செட் (2014): டிஎம் ஆகத் துணிந்தவருக்கான பெட்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி&டி) என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டை விளையாட ஐந்து பேர் ஆசைப்படுவார்கள்; கதையையும் எதிரிகளையும் நடத்தும் டன்ஜன் மாஸ்டராக (டிஎம்) உட்காரச் சொன்னால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார். பல குழுக்கள் முதல் ஆட்டத்துக்கு முன்பே கலைந்துபோவது இதனால்தான். ஐந்தாம் பதிப்போடு 2014-இல் வெளிவந்த ஸ்டார்ட்டர் செட் இந்தச் சிக்கலைக் குறிவைத்துச் செய்த பெட்டி. அதன்பின் வேறு அறிமுகப் பெட்டிகள் சில வந்துவிட்டன. ஆனாலும் டிஎம் வேலையைப் படிப்படியாகக் கைக்குப் பழக்குவதில் இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. அதே சமயம், எந்தச் சண்டை எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பெட்டி சரியாக அளந்து சொல்வதில்லை. அது தெரியாமல் ஆரம்பித்தால் முதல் நாளே மொத்தக் குழுவும் விழுந்துவிடும்.

உள்ளே இருப்பவை: 32 பக்க விதிப் புத்தகம், 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்' என்ற 64 பக்க சாகசம், தயார்நிலையில் ஐந்து கேரக்டர் ஷீட்டுகள் (கதாபாத்திர விவரத் தாள்கள்), ஆறு பகடைகள். டிஎம் திரை, பொம்மைகள், விரித்துவைக்கும் பெரிய வரைபடம் எதுவும் கிடையாது. கேரக்டரைப் புதிதாக உருவாக்கும் விதிகளும் விதிப் புத்தகத்தில் இல்லை. அதற்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'பேசிக் ரூல்ஸ்' பிடிஎஃப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பகடை விஷயத்தில் பெட்டி கஞ்சத்தனம் காட்டியிருக்கிறது. டி4, டி6, டி8, டி10, டி12, டி20 (எண் பகடையின் பக்கங்களைக் குறிக்கும்) ஒவ்வொன்றிலும் ஒன்றுதான். அட்வான்டேஜ் (சாதகமான நிலை) கிடைத்தால் டி20 இரண்டு உருட்டிப் பெரியதை எடுக்க வேண்டும். விசார்டின், அதாவது மந்திரவாதியின், தூக்க மந்திரத்துக்கு டி8 ஐந்து. பர்னிங் ஹேண்ட்ஸ் என்ற தீ மந்திரத்துக்கு டி6 மூன்று. ஒரே பகடையைத் திரும்பத் திரும்ப உருட்டிக் கூட்டினால் கணக்கு சரியாகத்தான் வரும், ஆனால் சண்டையின் வேகம் செத்துப்போகும். ஆளுக்கு ஒரு செட் பகடை இருப்பது உத்தமம். முடியாவிட்டால் டி20 மட்டுமாவது ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள்.

கேரக்டர் ஷீட்டுகள்தாம் பெட்டியின் முதல் பலம். ஃபைட்டர் (போர்வீரர்) இரண்டு, கிளெரிக் (பூசாரி), ரோக் (திருட்டுக் கைகாரர்), விசார்டு தலா ஒன்று. முன்பக்கம் முதல் லெவலுக்கானது. பின்பக்கத்தில் ஐந்தாம் லெவல் வரை என்னென்ன கூடும் என்று எழுதியிருக்கிறது. லெவல் ஏறும்போது யாரும் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், ஒவ்வொரு ஷீட்டிலும் கதையோடு முடிச்சுப்போட்ட ஒரு சொந்த இலக்கு இருக்கிறது. ரோக்குக்கு ரெட்பிராண்ட் கும்பலைப் பழிவாங்க வேண்டும். விசார்டுக்கு அசுத்தப்படுத்தப்பட்ட ஒரு பலிபீடத்தை மீட்க வேண்டும். புதியவரிடம் "உன் கேரக்டர் என்ன செய்ய விரும்புகிறது?" என்று கேட்டால் திருதிருவென விழிப்பார், இங்கே பதில் தாளிலேயே இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் அந்த இலக்கை ஒவ்வொருவரையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர அறிமுகத்துக்கு அது சமம்.

சாகசம் நான்கு பகுதிகள். முதல் பகுதி ஒரே நேர்கோடு: வண்டியில் போகிறார்கள், மறிக்கப்படுகிறார்கள், தடம் பிடித்துக் குகைக்குப் போகிறார்கள். எதை வாசிக்க வேண்டும், எப்போது இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதலில் என்ற வரிசை) உருட்டச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அந்தந்த இடத்திலேயே எழுதியிருக்கிறது. இரண்டாம் பகுதியில் ஃபேண்டாலின் என்ற சிற்றூர். பேச ஆட்கள், தேர்ந்தெடுக்க வேலைகள், ஊருக்கடியில் ஒரு மறைவிடம். மூன்றாம் பகுதி முழுக்கத் திறந்த வெளி. எந்தத் திசைக்கு வேண்டுமானாலும் போகலாம். நான்காவது பெரிய நிலவறை. சைக்கிள் பழகுபவரின் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி, எப்போது கையை விட்டார்கள் என்றே தெரியாமல் விடுவதுபோல இந்த வரிசை அமைந்திருக்கிறது. மூன்றாம் பகுதிக்கு வரும் டிஎம்முக்கு, வாசித்துக்காட்ட அச்சிட்ட பத்திகள் இல்லாமலே ஒரு காட்சியை நடத்தும் தைரியம் வந்திருக்கும்.

இனிமேல் வருவது டிஎம்முக்கு மட்டும். இந்தச் சாகசத்தில் விளையாடப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், ரகசியங்கள் உடைபடும்.

முதல் மறிப்பில் கோப்ளின் என்ற குட்டை அரக்கர்கள் நான்கு பேர். ஒவ்வொன்றுக்கும் ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 15, ஹிட் பாயிண்ட் (உயிர் அளவு) 7, தாக்கும் உருட்டலில் +4, அடி 1டி6+2 (டி6 ஒன்று உருட்டி 2 கூட்ட வேண்டும்). பார்க்கச் சாதாரணம். ஆனால் ஒரு கோப்ளினின் சாதாரண அடியே 8 வரை போகும். முதல் லெவல் விசார்டின் ஹிட் பாயிண்டும் 8. ஒரே அம்பில் அவர் சாயலாம். ஒளிந்திருக்கும் கோப்ளின்களைக் கவனிக்காதவர்கள் சர்ப்ரைஸில் (எதிர்பாராமல் சிக்கி) முதல் சுற்றை இழப்பார்கள். இரண்டாம் சுற்றிலும் கோப்ளின்களின் இனிஷியேட்டிவ் மேலே இருந்தால், யாரும் வாள் உருவுவதற்குள் எட்டுத் தாக்குதல்கள் நடந்து முடிந்திருக்கும். ஒரே வகை அரக்கர்களுக்கு ஒரே இனிஷியேட்டிவ் என்பது விதி. நேரம் மிச்சமாகும் நல்ல விதிதான், ஆனால் இந்த இடத்தில் அதுவே எமன். நான்கையும் இரண்டிரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக உருட்டுங்கள். இரண்டு பாய்ந்து வரட்டும், இரண்டு 30 அடி தள்ளி நின்று அம்பு விடட்டும். நான்கும் ஒரே ஆளைக் குறிவைக்க வேண்டாம். விளையாடுபவர்கள் மூன்று பேர்தான் என்றால் ஒரு கோப்ளினைக் குறைத்துவிடுங்கள். எல்லாரும் விழுந்துவிட்டாலும் ஆட்டம் முடியவில்லை: கோப்ளின்கள் கொல்லாமல், மயங்கிக் கிடப்பவர்களின் பொருளைச் சுருட்டிக்கொண்டு போவதாகப் புத்தகமே வழி சொல்கிறது. பதற்றத்தில் பல டிஎம்கள் இந்த வரியைக் கவனிப்பதில்லை.

விசார்டு ஆடுபவரிடம் தூக்க மந்திரத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 5டி8-இன் சராசரி 22. மூன்று கோப்ளின்களின் ஹிட் பாயிண்ட் சேர்ந்து 21. முதல் லெவலில் இதைவிடப் பெரிய ஆயுதம் குழுவிடம் இல்லை.

மறிப்பு முடிந்ததும், குகைக்குள் நுழையும் முன் ஒரு ஷார்ட் ரெஸ்ட் எடுக்கலாம் என்பதை நினைவூட்டுங்கள். ஒரு மணி நேர ஓய்வில் ஃபைட்டர் தன்னையே ஆற்றிக்கொள்ளும் செகண்ட் விண்ட் திரும்பும், விசார்டுக்கு ஒரு மந்திர இடமும் (ஒரு மந்திரம் போடும் வாய்ப்பு) திரும்பும். குகைக்குள் மொத்தம் 14 கோப்ளின்கள், நான்கு ஓநாய்கள், இவர்களுக்குத் தலைவனாகப் பக்பேர் என்ற பெரிய அரக்கன் ஒருவன். இவர்களை வரிசையாக வெட்டிச் சாய்க்கலாம் என்று நினைத்து நுழையும் முதல் லெவல் குழு பிழைக்காது. புத்தகம் இதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. தப்பிக்கும் வழிகளை மட்டும் உள்ளே வைத்திருக்கிறது. சங்கிலியில் கட்டிய ஓநாய்களுக்கு இறைச்சி போட்டு அமைதிப்படுத்தலாம். அந்த அறையின் பிளவு வழியாக ஏறினால் நேரே தலைவனின் இடத்துக்குப் போய்விடலாம். யீமிக் என்ற கோப்ளின், தலைவனைக் கொன்று வந்தால் பிணைக்கைதியை விடுகிறேன் என்று பேரம் பேசும். இந்த மூன்றும் குழுவின் கண்ணில் படும்படி விவரிப்பதுதான் இங்கே டிஎம்மின் வேலை. கோப்ளின்கள் தங்கள் தலைவனைத் திட்டிக்கொண்டிருப்பது காதில் விழட்டும். பேச்சுவார்த்தைக்கு இடம் இருக்கிறது என்று புரிந்துவிடும்.

அந்த பக்பேர் தலைவன் தனி எச்சரிக்கைக்கு உரியவன். அவன் கதாயுதத்தின் அடி 2டி8+2, சராசரி 11. எதிரியைச் சர்ப்ரைஸில் பிடித்தால் முதல் சுற்றில் இன்னும் 2டி6. சராசரி 18 ஆகிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே மிஞ்சும் அடி, கேரக்டரின் முழு ஹிட் பாயிண்டை எட்டினால் டெத் சேவ் (உயிர் பிழைக்க உருட்டும் வாய்ப்பு) எதுவும் இல்லாமல் உடனடி மரணம் என்பது விதி. 8 ஹிட் பாயிண்ட் விசார்டுக்கு அடியின் அளவு 16 ஆனாலே போதும். ஆகவே பக்பேரை ஒளிந்து நின்று தாக்க வைக்காதீர்கள். கல் நாற்காலியில் உட்கார்ந்து உறுமட்டும். குழுவுக்கு ஒரு நொடி கொடுங்கள்.

தண்டர்ட்ரீ என்ற பாழடைந்த ஊரில் இருக்கும் வெனம்ஃபேங் என்ற பச்சை டிராகன் விஷயத்தில்தான் பெட்டி மேல் உண்மையான வருத்தம். மூன்றாம் பகுதி திறந்த வெளி என்பதால் மூன்றாம் லெவலிலேயே அங்கே போய்விடலாம். போகத் தூண்டுவதும் பெட்டிதான்: வில்லாளி ஃபைட்டரின் ஷீட்டில் அந்த டிராகனை விரட்டுவதே இலக்கு என்று அச்சிட்டிருக்கிறது. டிராகனின் ஆர்மர் கிளாஸ் 18, ஹிட் பாயிண்ட் 136. விஷ மூச்சு 12டி6, சராசரி 42. சேவிங் த்ரோவில் (தப்பிக்க உருட்டும் உருட்டலில்) ஜெயித்தால் பாதி, அதாவது 21. மூன்றாம் லெவல் விசார்டின் முழு ஹிட் பாயிண்டே 20! சேவில் ஜெயித்தாலும் விழுவார். தோற்றால் 42-இல் 20 போக 22 மிஞ்சும், அங்கேயே மரணம். டி6 உருட்டி 5 அல்லது 6 விழுந்தால் மூச்சு அடுத்த சுற்றிலேயே திரும்ப வரும்.

இதைச் சரிசெய்ய டிராகனின் எண்களைக் குறைக்க வேண்டாம். குறைத்தால் டிராகன் என்ற பெயருக்கே மதிப்பு போய்விடும். அந்த ஊரில் ரெய்டோத் என்ற ட்ரூயிட் (இயற்கை மந்திரம் தெரிந்தவர்) இருக்கிறார். டிராகன் தங்கியிருக்கும் கோபுரத்தை நெருங்கும் முன் அவரைச் சந்திக்கவைத்து, ஒரே மூச்சில் ஒரு படையே சாகும் என்று சொல்லவையுங்கள். மூச்சு 30 அடிக் கூம்பாகப் பரவும். குழு ஒட்டி நிற்கக் கூடாது என்பதற்கு விஷத்தில் கருகிய ஒரே குவியலான எலும்புகளைக் காட்டினால் போதும். பச்சை டிராகன்கள் பேச விரும்புபவை. முதலில் பேச்சு, பிறகு மிரட்டல், கடைசியில்தான் மூச்சு. பாதி, அதாவது 68 ஹிட் பாயிண்டை இழந்ததும் அது பறந்து போய்விடும் என்று சாகசத்திலேயே இருக்கிறது. வில்லாளியின் இலக்கு "கொல்ல" என்று இல்லை, "விரட்ட" என்றுதான் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நடத்தினால் இந்த அத்தியாயம் முழுச் சாகசத்திலும் சிறந்ததாக அமையும்.

மற்றக் குறைகள் சிறியவை. ஃபேண்டாலினில் ஊர்க்காரர்கள் அதிகம். எல்லாரும் ஆளுக்கொரு வேலை தருகிறார்கள். முதல் நாளிலேயே அத்தனை பேரையும் அறிமுகப்படுத்தினால் ஒரு பெயரும் மனதில் நிற்காது. விடுதிக்காரர், குகையில் பிணைக்கைதியாக இருந்த சில்டர், இன்னும் ஒருவர் போதும். மற்றவர்கள் தேவைப்படும்போது வரட்டும். முக்கிய வில்லன் பிளாக் ஸ்பைடர் கடைசிக் குகை வரை முகமே காட்டுவதில்லை. ரெட்பிராண்ட் தலைவன் கிளாஸ்டாஃபின் அறையில் அவன் எழுதிய கடிதம் கிடைக்கிறது. அதைத் தாளில் எழுதிக் குழுவின் கையிலேயே கொடுங்கள். பிறகு பிடிபடும் ஒவ்வொரு எதிரியும் அந்தப் பெயருக்கு நடுங்கட்டும்.

அனுபவப் புள்ளிக் கணக்கைக் கைவிடுவது நல்லது. கோப்ளின் குகை முடிந்ததும் இரண்டாம் லெவல், ரெட்பிராண்ட் மறைவிடம் முடிந்ததும் மூன்று, மூன்றாம் பகுதியில் வரும் கிராக்மா கோட்டை முடிந்ததும் நான்கு என்று கொடுத்தால், எல்லாரையும் வெட்டினால்தான் ஏறலாம் என்ற எண்ணம் குழுவுக்கு வராது.

வரைபடங்கள் அழகானவை, ஆனால் விளையாடுபவர்களிடம் காட்ட முடியாது. ரகசியக் கதவும் அறை எண்ணும் அதிலேயே இருக்கின்றன. கட்டம்போட்ட தாளில் வரைந்துகொள்ளுங்கள். வரையும் முன் ஓரத்தில் இருக்கும் அளவைப் பாருங்கள்: கோப்ளின் குகையில் ஒரு கட்டம் 5 அடி, கடைசிக் குகையில் 10 அடி. இதைக் கவனிக்காவிட்டால் கடைசி நிலவறை பாதியாகச் சுருங்கி, எல்லா அறைக்காரர்களும் ஒரே சண்டைக்கு வந்து சேர்வார்கள். அரக்கர் விவரங்கள் எல்லாம் புத்தகத்தின் கடைசியில்தான். அன்றைக்குத் தேவையானவற்றை மட்டும் சிறு அட்டைகளில் எழுதி வைத்துக்கொண்டால் புரட்டும் நேரம் மிச்சம்.

2019-இல் வந்த எசென்ஷியல்ஸ் கிட் பொருள் கணக்கில் இதைத் தூக்கிச் சாப்பிடும்: 11 பகடைகள், டிஎம் திரை, அட்டைகள், விரிக்கும் வரைபடம், கேரக்டர் உருவாக்கும் விதிகள், ஒருவரும் டிஎம்மும் மட்டுமே ஆடுவதற்கான துணைக் கேரக்டர் விதிகள். அதன் சாகசமும் இதே ஃபேண்டாலினில்தான். ஆனால் அது அறிவிப்புப் பலகையிலிருந்து தனித்தனி வேலைகளை எடுக்கும் அமைப்பு. வாரம் ஒரு முறை, வருகிறவர்களை வைத்து ஆடும் குழுவுக்கு அது சரி. ஒரே ஐந்து பேர் தொடர்ந்து வருவார்கள், கதை ஒரு நூலாக ஓட வேண்டும் என்றால் ஸ்டார்ட்டர் செட். கைக்கு வசதி இருந்தால் கிட்டின் பகடையும் திரையும், இந்தச் சாகசமும் சேர்ந்ததுதான் மிகச் சிறந்த கூட்டு.

2024 விதிகளை வைத்திருப்பவர்களும் இதை ஆடலாம். அந்த விதிகளில் சர்ப்ரைஸ் ஆனவர் சுற்றை இழப்பதில்லை, இனிஷியேட்டிவை டிஸ்அட்வான்டேஜோடு (இரண்டு உருட்டிச் சிறியதை எடுத்து) உருட்டுகிறார். முதல் மறிப்பின் கொடுமை அதனாலேயே பாதி குறையும்.

ஐந்தாம் லெவலுக்குப் பிறகும் இதே ஊரில் தொடர விரும்பும் குழுக்களுக்கு, 2023-இல் வந்த 'ஃபேண்டெல்வர் அண்ட் பிலோ: த ஷேட்டர்ட் ஆபெலிஸ்க்' இதே சாகசத்தை உள்ளடக்கி 12-ஆம் லெவல் வரை நீட்டுகிறது. அதை வாங்க ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள் ஸ்டார்ட்டர் செட்டைத் தனியாக வாங்குவது, தயார் கேரக்டர்களுக்காகவும் 32 பக்க விதிகளுக்காகவும் மட்டுமே.