பொன்னியின் செல்வன் மலிவு செட்: ஐந்து பாகமும் இருக்கிறது, முடிவுரை இல்லை

புத்தகக் கண்காட்சியில் நின்றுகொண்டு தங்கை மகன் போன் செய்தான். "மாமா, பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் செட்டா ரொம்பக் குறைச்ச விலைக்குப் போட்டிருக்காங்க. உங்க வீட்ல இருக்கிற அதே செட்தான். வாங்கட்டுமா?" படத்தின் இரண்டு பாகங்களையும் தியேட்டரில் பார்த்தவன் அவன். புத்தகத்தை இன்னும் தொட்டதில்லை. வேண்டாம் என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன். ஏன் வேண்டாம் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். அந்த செட்டைப் பல வருடமாக வைத்துப் படித்து, தெருவுக்கெல்லாம் இரவல் கொடுத்து, போன வாரம் பைண்டிங் கடைக்கும் கொண்டுபோய் வந்திருக்கிறேன்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால்தான் ஒரே கதைக்கு இத்தனை பதிப்பு, இத்தனை விலை. என்னுடையது அதில் மலிவான ரகம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எழுத்து பெரியது, வரிகளுக்கு நடுவே இடமும் தாராளம். தாள் மட்டமானதுதான், ஆனால் அதனாலேயே கனம் குறைவு. படுத்துக்கொண்டு மார்பில் வைத்துப் படித்தால் கை வலிக்காது. விலை உயர்ந்த கெட்டி அட்டைப் பதிப்பில் அது நடக்காது. அச்சுப் பிழைகள் உண்டு, ஆனால் கதையைத் தடுக்கும் அளவுக்கு இல்லை. அத்தியாயத் தலைப்புகளை ஒன்றுவிடாமல் முன்பக்கத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஆடித்திருநாள், குரவைக் கூத்து, நடுநிசிக் கூட்டம், பல்லக்கில் யார்?, ஆற்றங்கரை முதலை என்று அந்தப் பட்டியலைப் படிப்பதே தனிச் சுகம். 2022 செப்டம்பர் 30 அன்று படத்தின் முதல் பாகம் வந்த பிறகு, என் செட் வீட்டில் இருந்த நாள் குறைவு. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கதாநாயகன் வந்தியத்தேவன் முதலை மேல் வேல் எறிவதும் அது பஞ்சடைத்த செத்த முதலை என்று தெரிந்து அவன் முகம் போன போக்கும் வரும் இடத்தை எனக்கே வாசித்துக் காட்டினாள். இத்தனை கைகளுக்குப் பயப்படாமல் கொடுக்க முடிந்தது, மலிவுப் பதிப்பு என்பதால்தான்.

பைண்டிங் விஷயம். ஐந்தாம் பாகமான தியாக சிகரம்தான் இருப்பதில் தடிமன். மொத்தம் 293 அத்தியாயங்களில் 91 அதில்தான் வருகின்றன. வெறும் பசை ஒட்டிய முதுகு அந்தக் கனத்தைத் தாங்காமல் பிளந்து, கடைசி ஃபாரம், அதாவது ஒன்றாக மடித்த கடைசிப் பக்கக் கட்டு, தனியாகக் கையோடு வந்துவிட்டது. பைண்டிங் கடைக்காரர் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, ஓரத்தில் துளையிட்டு நூலால் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டிக் கொடுத்தார். தையல் உள்ளே தள்ளி விழுந்ததால் இப்போது புத்தகம் முழுக்க விரிவதில்லை. கட்டை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பரவாயில்லை. இந்த விலைக்குப் பசை பைண்டிங்தான் வரும், அதற்காகப் பதிப்பகத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்வது அந்தக் கடைசி ஃபாரத்தில் என்ன இல்லை என்பதற்காக. 'மலர் உதிர்ந்தது' அத்தியாயம் முடிகிறது. அடுத்த பக்கம் வெற்றுத் தாள். அதற்கடுத்து, பதிப்பகத்தின் மற்ற புத்தகங்களுடைய விலைப் பட்டியல். கல்கி எழுதிய முடிவுரையைக் காணோம். இடம் இல்லை என்று சொல்ல முடியாது. வெற்றுத் தாளும் விலைப் பட்டியலும் அங்கே இருக்கின்றனவே!

என் பெரியம்மா வீட்டுப் பழைய பதிப்பில் அந்த முடிவுரையைப் படித்திருக்கிறேன். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை, மூன்றரை வருடம், பத்திரிகையில் தொடராக வந்த கதையை வாராவாரம் காத்திருந்து படித்த வாசகர்களுக்கு நேராகப் பேசும் பகுதி அது. கதை சட்டென்று முடிந்துவிட்டதே என்று குறைப்பட்டவர்களுக்குப் பதில் சொல்கிறார். முழுக்கக் கற்பனையான சமூகக் கதையை முடிப்பது போல, சரித்திர ஆதாரத்தின் மேல் நிற்கிற கதையை ஏன் முடிக்க முடியாது என்று விளக்குகிறார். பாத்திரங்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்ற கேள்விகளையும் எடுத்துக்கொள்கிறார். அதே 1954 டிசம்பர் 5 அன்று அவர் மறைந்துவிட்டார். தன் வாசகர்களிடம் இவ்வளவு மரியாதையோடு பேசியவரின் பேச்சை, எட்டுப் பத்துப் பக்கத்தை மிச்சம் பிடிக்க வெட்டியிருக்கிறார்கள். அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இது எனக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்க வேண்டாம். இரவல் வாங்கியவர்கள் ஐந்தாம் பாகத்தைத் திருப்பித் தரும்போது கேட்கிற கேள்விகள் ஏறத்தாழ ஒன்றேதான். வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் நடந்ததா? கதையில் நடப்பதில்லை. ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் அக்காவான குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார் என்றே சொல்கிறது. இதைச் சொன்னதும் எதிர் வீட்டு அண்ணி முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே!

ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? கடம்பூர் மாளிகையில் அந்த இரவு கல்கி விளக்கை அணைத்துவிடுகிறார். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. அந்த மாளிகைப் பெண் மணிமேகலை நான்தான் கொன்றேன் என்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். கல்வெட்டு அத்தனை மர்மம் வைப்பதில்லை. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயரையே சொல்லி, அவர்கள் நிலம் பறிக்கப்பட்டதைப் பேசுகிறது. பின்னால் யார் தூண்டினார்கள் என்பதில்தான் சண்டை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, ராஜராஜனுக்கு முன் அரியணையில் இருந்த உத்தம சோழனைச் சந்தேகித்தார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. இதில் என்னைச் சிலிர்க்க வைப்பது இடம்தான். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வந்து நிற்கிற வீரநாராயண ஏரி, நாம் வீராணம் என்கிற அதே ஏரி, அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கொலைக்குத் தண்டனை எழுதிய கல் இருக்கிற ஊரில் கதையைத் தொடங்குகிறார் மனிதர்!

நந்தினி நிஜமா என்று கேட்காதவர் இல்லை. நிஜமில்லை; பூங்குழலியும் ஊமை ராணியும் ஆழ்வார்க்கடியானும் கூடக் கற்பனைதான். பழுவேட்டரையர்கள், அநிருத்தப் பிரமராயர், வானதி எல்லாம் சரித்திரத்தில் இருந்தவர்கள். பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம் இரண்டையும் முதலில் படிக்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். தேவையில்லை, அவை பல்லவர் காலம்.

படம் பார்த்துவிட்டு வருகிறவர்களின் குழப்பம் வேறு. மகுடம் சூடுவது யார் என்பதிலேயே புத்தகமும் படமும் பிரிகின்றன. அருள்மொழி, அதாவது பின்னாளைய ராஜராஜன், அரியணையைத் தன் சிறிய தந்தை உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்தச் சிறிய தந்தையைக் கல்கி சேந்தன் அமுதனாக மாற்றி, பூச்சரம் தொடுத்தவனைச் சிங்காதனத்தில் உட்கார வைக்கிறார். படத்தில் ரகுமான் நடித்த மதுராந்தகரே உத்தம சோழர் ஆகிவிடுகிறார். ஐந்து பாகத்தை இரண்டு படத்தில் அடக்க வேண்டிய மணிரத்னத்தின் கஷ்டம் புரிகிறது. ஜெயராமின் ஆழ்வார்க்கடியான் நம்பியும் விக்ரமின் கரிகாலனும் இப்போது புத்தகத்தைத் திறந்தாலே எனக்குக் கண் முன்னால் வருகிறார்கள். அந்த அளவுக்குப் படம் ஜெயித்திருக்கிறது. ஆனால் மணிமேகலையை அடியோடு எடுத்துவிட்டார்கள். வந்தியத்தேவன் தன்னை நினைத்தும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் அவனுக்காகக் கொலைப் பழியை ஏற்கிற பெண் அவள். அவன் மடியில் அவள் உயிர் பிரிகிற இடத்தில்தான் நாவலின் கடைசி அத்தியாயம் நிற்கிறது. படம் மட்டும் பார்த்தவனுக்கு அவள் யார் என்றே தெரியாது. தங்கை மகனுக்கும் தெரியாது.

இப்போது அவன் அந்த மலிவு செட்டை வாங்கினால் என்ன ஆகும்? மணிமேகலையை அங்கேதான் முதல்முறை சந்திப்பான். ஐந்தாம் பாகம் வரை அவளோடு வருவான். கடைசிப் பக்கத்தில் தொண்டை அடைக்க, அப்புறம் மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று தாளைப் புரட்டுவான். விலைப் பட்டியல் வரும். அந்த நேரத்தில் ஆசிரியரின் குரல் வர வேண்டும். அது வந்த பதிப்பில் படித்தவன் நான் என்பதால்தான் இவ்வளவு கோபம்.

இன்னொரு குறையும் உண்டு. தொடர் வந்த காலத்தில் மணியம் வரைந்த ஓவியங்களில் ஒன்றுகூட இதில் இல்லை. அந்தக் காலத்தில் தொடர் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகளில் நந்தினியின் கொண்டையையும் வந்தியத்தேவன் மீசையையும் பார்த்தவர்களுக்கு இந்தப் பதிப்பு மொட்டையாகத்தான் தெரியும். ஆனாலும் ஓவியம் இல்லாததை விலைக்காக ஏற்றுக்கொள்வேன். முடிவுரை கல்கியின் எழுத்து. அது இல்லாத ஒன்றை முழுத் தொகுப்பு என்று அட்டையில் போடக்கூடாது.

எழுத்து நன்றாக இருக்கிறது, கனம் இல்லை, விலை குறைவு, இத்தனை பேர் படித்தும் நான்கு பாகம் இன்னும் உறுதியாக இருக்கிறது. எல்லாம் உண்மை. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்தான் கொடுப்பேன். என் செட்டை நான் தூக்கிப் போடப் போவதில்லை. பெரியம்மா வீட்டுப் பிரதியிலிருந்து முடிவுரையை ஜெராக்ஸ் எடுத்து ஐந்தாம் பாகத்தின் பின்னட்டை உள்பக்கம் ஒட்டிவிட்டேன். புதிதாக வாங்குகிறவன் எதற்கு அந்தப் பாடு படவேண்டும்? ஸ்டாலில் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஐந்தாம் பாகத்தைக் கையில் எடு. பின்பக்கத்திலிருந்து புரட்டு. 'மலர் உதிர்ந்தது' முடிந்த பிறகு முடிவுரை இருந்தால் எந்தப் பதிப்பானாலும் வாங்கு. இல்லையென்றால் எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் வைத்துவிட்டு அடுத்த ஸ்டாலுக்குப் போ.