24,500 ரேண்ட் வாங்கிக்கொண்டு நல்ல இன்ஜினைக் கெடுத்த கடை: டர்பன் பைக்காரர்களுக்கு எச்சரிக்கை

ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு பிக் போர் கிட் (சிலிண்டரைப் பெரிதாக்கி சிசியைக் கூட்டும் பாகங்கள்) போடலாமா என்று யோசிக்கும் டர்பன் தமிழ்ப் பசங்களே, பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 24,500 ரேண்ட். அதை வாங்கிக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த என் யமஹா ஆர்3-ஐ இரும்புக்கடைக்குப் போடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கடைப் பெயரை எழுத மாட்டேன். ரேஸ் ட்யூனிங் என்று போர்டு மாட்டி, வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு மூன்று பைக்குகளை நிறுத்தி வைத்திருக்கும் சின்ன ஒர்க்‌ஷாப். அந்த வகைக் கடை எது என்று உங்களுக்கே தெரியும்.

ஆர்3 இன்ஜின் 321 சிசி, இரண்டு சிலிண்டர். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 68 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 44.1 மி.மீ. ஸ்ட்ரோக்கைத் தொடாமல் போரை 72 ஆக்கினால் ஏறக்குறைய 359 சிசி வரும். ஒரு அட்டையின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார் கடை முதலாளி. கணக்கு சரிதான். (38 சிசிக்கா இவ்வளவு செலவு என்று கேட்பவர்கள், பின்னால் ஒரு ஆளை உட்காரவைத்து என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஏறிப் பார்த்துவிட்டு வரட்டும்.) புது சிலிண்டர் பிளாக், அழுத்தி அடித்துச் செய்த அமெரிக்க ஃபோர்ஜ்டு பிஸ்டன், சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வைக்க அதற்கென்றே வரும் ஹெட் கேஸ்கெட், பெட்ரோல் அளவைத் திருத்தும் கண்ட்ரோலர், கடைசியில் இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ மிஷினில் ஏற்றி ட்யூனிங். கூலியோடு சேர்த்து 24,500.

நம்பியது பைக் பேச்சைக் கேட்டு அல்ல. கவுண்டருக்குப் பின்னால் முருகன் படம், அதன் மேல் அன்றைக்குப் போட்ட பூ. நான் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவன் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், பேச்சு முக்கால்வாசி இங்கிலீஷ். ஆனால் 1860-இல் மெட்ராஸிலிருந்து வந்த முதல் கப்பல், கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த கொள்ளுத்தாத்தா, தைப்பூசத்துக்குத் தான் எடுக்கும் காவடி என்று ஒரு மணி நேரம் பேசினார். மட்டன் பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) வரவழைத்து, காசு கொடுக்கவும் விடவில்லை. "நீ நம்ம பையன், தம்பி. உன்கிட்ட லாபம் பார்த்தா சாமி என்னை மன்னிக்குமா?" என்றார். ஊரை விட்டு வந்த இடத்தில் இப்படி ஒருவர் தம்பி என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கிறது.

அப்புறம் கார்டு மிஷின் ரிப்பேர் என்றார். பேங்கிலிருந்து நேராக இஎஃப்டி பண்ணிவிடு, முறையான பில் போட்டால் வாட் 15 சதவீதம் ஏறும், உனக்கு எதற்கு வீண் செலவு என்றார். 24,500-உம் ஒரே தடவையில் அவருடைய சொந்தக் கணக்குக்குப் போனது. கைக்கு வந்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் "இன்ஜின் வேலை" என்று இரண்டே வார்த்தை.

பைக்கைத் திரும்ப எடுத்த அன்றே காலையில் ஸ்டார்ட் செய்தால் டக் டக் என்று சத்தம். ஃபோர்ஜ்டு பிஸ்டன் குளிரில் தட்டும், சூடானால் நிற்கும் என்றார். பொதுவாக அது உண்மைதான், அதனால்தான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். ஆனால் ஆர்3-இல் கம்பெனி போட்டுத் தரும் பிஸ்டனே ஃபோர்ஜ்டுதானே! அது ஒருநாளும் இப்படித் தட்டியதில்லை. டைனோ ரிப்போர்ட் கேட்டேன். லோட் ஷெடிங்கில், அதாவது முறைவைத்து நிறுத்தும் கரண்ட் கட்டில், மிஷின் ஓடவில்லை என்றார். அந்த வாரம் ஊரில் ஒரு இடத்திலும் கரண்ட் போகவில்லை. பழைய பிஸ்டன்கள் எங்கே என்றால், குப்பை வண்டியில் போய்விட்டதாம்.

ஆயில் குறைந்துகொண்டே வந்தது, சைலன்சரில் நீலப் புகை. கடைசியில் மரியன்ஹில் சுங்கச்சாவடி தாண்டி ஏற்றத்தில் போகும்போது இன்ஜின் இறுகி, பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. கிளட்ச்சைப் பிடித்ததால் ஓரம் வந்து சேர்ந்தேன். பின்னால் ஒரு பெரிய டிரக். அதைப் பற்றி இப்போது எழுத விருப்பமில்லை.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில், நீ ஆக்டேன் குறைந்த 93 பெட்ரோல் போட்டிருப்பாய் என்றார். டர்பன் பக்கம் நான் பிடித்த பம்பில் எல்லாம் 95 தான், 93 மேலே ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கத்துக் கதை. அடுத்து, ரன்னிங்-இன், அதாவது புது இன்ஜினை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்குவது, ஒழுங்காகச் செய்யவில்லை என்றார். அடுத்து, போர் போட்டது வெளி லேத், அவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றார். எந்த லேத் என்று கேட்டால் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும். நேரில் போய் நின்றபோது, வேறு வாடிக்கையாளர்கள் முன்னால், "ரேஸ் பார்ட்டுக்கு வாரண்டி கிடையாது, சார்" என்றார். சார்! பணம் வாங்கும்வரை தம்பி. வெளியே வருவதற்குள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

பைன்டவுனில் தெரிந்த ஒரு மெக்கானிக் என் கண் முன்னால் ஹெட்டைக் கழற்றினார். வெர்னியர் அளவுகோலை வைத்தால் போர் 72 இல்லை, 70. அந்தக் கணக்குக்கு 339 சிசிதான் வருகிறது. புது பிளாக்கும் இல்லை, என் பழைய பிளாக்கையே குடைந்திருக்கிறார்கள். இங்கேதான் வயிறு எரிகிறது. ஆர்3 சிலிண்டரில் இரும்பு லைனர் கிடையாது, டயாசில் என்று யமஹா சொல்லும், சிலிக்கான் கலந்த அலுமினியம். அந்த சிலிக்கான் துகள்கள்தான் பிஸ்டன் ரிங்கின் தேய்மானத்தைத் தாங்குபவை. சாதாரண சிலிண்டர் மாதிரி குடைந்து விட்டுவிட்டால் அந்தப் பரப்பு போய்விடும். குடைந்த பிறகு அதற்கென்று உள்ள முறையில் பரப்பைத் தயார்செய்ய வேண்டும், இல்லை நிக்கல் பூச்சு போட வேண்டும், அதுவும் இல்லையென்றால் லைனராவது இறக்க வேண்டும். இவர்கள் ஒன்றும் செய்யவில்லை. பிஸ்டனில் அளவு தவிர எந்தக் கம்பெனி முத்திரையும் இல்லை. ஹெட் கேஸ்கெட் 68 போருக்கான பழைய அளவு, அதன் விளிம்பு சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு கருகியிருந்தது. ஸ்பார்க் பிளக் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, அதாவது பெட்ரோல் போதாமல் கொதித்திருக்கிறது. சீட்டைத் தூக்கினால் கண்ட்ரோலர் பெட்டி அழகாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. இன்ஜெக்டருக்குப் போக வேண்டிய ஒயர்கள் எதிலும் சேராமல் டேப் சுற்றித் தொங்கின. மெக்கானிக் ஒன்றும் பேசவில்லை, போனை எடுத்துப் படம் பிடிக்கச் சொன்னார். 24,500 ரேண்டுக்கு ஒரு காலிப் பெட்டி வாங்கியிருக்கிறேன்!

கிட் வாங்குவது எப்படி, என்னென்ன கேட்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்தக் கோபத்தில் வரவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: கிட் பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். போர் அளவு, பூச்சு, கேஸ்கெட் எல்லாம் எழுத்தில் இல்லாமல் ஒரு ரேண்டும் அனுப்பாதீர்கள், சொந்தக் கணக்குக்கு அனுப்பவே கூடாது. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67-ஆவது பிரிவுப்படி கழற்றிய பழைய பாகங்களை உங்களிடம் திருப்பித் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். 57-ஆவது பிரிவுப்படி மாட்டிய புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் மூன்று மாத வாரண்டி உண்டு, ரேஸ் பார்ட் என்ற கதையெல்லாம் அப்புறம். இன்ஷூரன்ஸ்காரர்களிடம் மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள்.

வாகனத் துறைப் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனுக்குப் படங்களோடு புகார் அனுப்பியாயிற்று. சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால் அங்கே உச்சவரம்பு 20,000 ரேண்ட். அதாவது நியாயம் கேட்கப் போவதற்கே 4,500-ஐ நானாக விட்டுக்கொடுக்க வேண்டும். அதையும் செய்வேன்.

யாரிடமாவது குடையாத ஆர்3 சிலிண்டர் பிளாக்கும் கம்பெனி பிஸ்டன் செட்டும் இருந்தால் சொல்லுங்கள். டர்பனோ மாரிட்ஸ்பர்கோ, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். வெர்னியரும் கொண்டுவருவேன், தப்பாக நினைக்காதீர்கள்.