காசுக்குள் கட்டடம்: ஆறு ரோமானிய நாணய நகல்கள் வாங்கிய அனுபவம்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். பதினெட்டு வருடமாக பிளான், எலிவேஷன், செக்‌ஷன் என்றே பொழுது போகிறது. அதனால் ஆன்லைனில் ‘கட்டடம் பொறித்த ரோமானிய நாணயங்கள், ஆறு நகல்கள், 1,650 ரூபாய்’ என்று கண்ணில் பட்டதும் விட மனம் வரவில்லை. கரூர், கோயம்புத்தூர் பக்கம் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்ற பேரரசர்கள் காலத்தவை. ஒன்றில் இரண்டு இளவரசர்கள் நிற்பார்கள், இன்னொன்றில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். கட்டடம் இருக்காது. கட்டடம் பார்க்க ஆசைப்பட்டால் எனக்கெல்லாம் நகல்தான் வழி.

பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது கொலோசியம். கி.பி. 80ஆம் ஆண்டில் அரங்கைத் திறந்துவைத்த டைட்டஸ் பேரரசரின் பெரிய பித்தளைக் காசு. நகல் 34 மில்லிமீட்டர் இருக்கிறது. நம் பத்து ரூபாய்க் காசு 27தான். மேஜை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துவைத்து லென்ஸில் பார்த்தேன். அடுக்கடுக்காக வளைவுகள், வளைவுக்குள் பொடிப்பொடியாகச் சிலைகள், மேலே அரங்கின் உட்புறத்தில் ராகியைத் தூவிவிட்டது போலப் புள்ளிகள். அத்தனையும் தலைகள்! பக்கத்தில் கூம்பாக நிற்பது மெட்டா சூடன்ஸ் என்ற நீரூற்று.

அன்று சைட் விஷயமாக வந்திருந்த மேஸ்திரி அண்ணா வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, வெளிச்சுவரும் தெரியுது, உள்ளே உட்கார்ந்திருக்கிற ஜனமும் தெரியுது. எங்கே நின்னு பார்த்தாங்க?” என்றார்.

சரியான கேள்வி. தெருவில் நின்றால் உள்ளே தெரியாது. வானத்திலிருந்து பார்த்தால் சுவர் இப்படி நிமிர்ந்து தெரியாது. அச்சு செதுக்கியவர் எங்கேயும் நிற்கவில்லை. தெரிய வேண்டியதையெல்லாம் ஒரே வட்டத்துக்குள் வைத்துவிட்டார். நிஜக் கட்டடத்தின் தரைத்தளத்தில் 80 வளைவுகள். காசில் சிலவற்றைத்தான் காட்ட முடியும், அதுவே போதும். “நம்ம நடுகல் மாதிரிதாண்ணா” என்றேன். மூன்றடுக்கு நடுகல்லில் கீழே வீரன் சண்டை போடுவான், நடுவில் தேவமகளிர் தூக்கிப் போவார்கள், மேலே லிங்கத்தின் முன் உட்கார்ந்திருப்பான். ஒரே ஆள் மூன்று தடவை. அதை நாம் குழப்பமில்லாமல் படிக்கிறோம் இல்லையா?

இந்த இடத்தில்தான் கூட வந்த விளக்கத் தாள் மேல் எனக்கு வருத்தம். ஜூலியஸ் சீசர் கோயில் காசுக்கு ‘நான்கு தூண்கள் கொண்ட கோயில்’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்தக் காசு கி.மு. 36இல் வந்தது, கோயிலைத் திறந்ததோ கி.மு. 29இல். அதாவது வேலை முடியாத கட்டடத்தின் படம். அப்புறம், விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர், தூண்களை மிக நெருக்கி நிறுத்திய கோயிலுக்கு இதையே உதாரணம் சொல்கிறார்: இரண்டு தூணுக்கு நடுவே ஒன்றரைத் தூண் பருமன்தான் இடைவெளி. காசிலோ நடுவில் அகலமாக இடம் விட்டு, அதில் சீசர் சிலை. கருவறையில் இருப்பவரை வாசலுக்குக் கொண்டுவந்து காட்டுவதற்காகத் தூண்களை ஒதுக்கியிருக்கிறார் செதுக்கியவர். எண்ண வேண்டியது தூணை அல்ல. சிலையையும், முகப்பு முக்கோணத்தில் இருக்கும் நட்சத்திரத்தையும், பக்கத்தில் தனியாக நிற்கும் பலிபீடத்தையும் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது நீரோ பேரரசரின் காசில் உள்ள, ஜானஸ் என்ற ரோமானியத் தெய்வத்தின் கோயில். போர் நடந்தால் கதவு திறந்திருக்கும், அமைதி என்றால் சாத்துவார்கள். ‘நிலத்திலும் கடலிலும் ரோமானிய மக்களுக்கு அமைதி கிடைத்தபின் ஜானஸைச் சாத்தினார்’ என்று சுற்றி எழுத்து. சாத்திய இரட்டைக் கதவு, மேலே தோரணம் போல மாலை, பக்கத்துச் சுவரில் கல்வரிசை, வரிசைக்கு மேல் கிராதி ஜன்னல். முன் எலிவேஷனும் பக்க எலிவேஷனும், அதாவது முன்சுவரையும் பக்கச் சுவரையும் நேரே பார்த்த படங்கள், ஒரே தளத்தில் ஒட்டி நிற்கின்றன. சின்னக் கோயில்தான், ஆனால் சொல்ல வந்த சேதியே கதவு என்பதால் அதற்கு அத்தனை இடம். இன்று அந்தக் கட்டடம் இல்லை. அதன் உருவத்துக்கு இந்தக் காசுகள்தான் முக்கியச் சாட்சி. நகலிலும் கல் இடுக்குகூடத் தெளிவாக விழுந்திருக்கிறது.

வெஸ்டா கோயிலும் டிராஜன் தூணும் சுமார். ஆஸ்டியா துறைமுகக் காசு ஏமாற்றம்: கப்பல்கள் எல்லாம் வழுக்கிப்போய், பாய்மரம் எது படகு எது என்று தெரியவில்லை. கறுப்புப் பூச்சு விரலில் ஒட்டுகிறது. இதைவிடப் பெரிய குறை, ஆறில் இரண்டின் விளிம்பில்தான் ‘நகல்’ என்ற முத்திரை இருக்கிறது. மீதி நான்கை யாராவது சந்தையில் பழங்காசு என்று விற்றுவிடலாம். விற்பவருக்கு இதை எழுதிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை.

ஆறும் சேர்த்து 1,650 அதிகம். கொலோசியம், சீசர், ஜானஸ் மூன்றையும் தனியாகக் கொடுத்தால் யோசிக்காமல் வாங்கலாம். வாங்கினால் விளக்கத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பத்து மடங்கு லென்ஸும் பக்கவாட்டு வெளிச்சமும் வைத்துக்கொள்ளுங்கள்.