பழைய கணினியும் புதிய கணினியும் ஒரே பிரிண்டரும்: எந்த வழி நல்லது?

பெங்களூரு அல்சூரிலும் சிவாஜி நகரிலும் உள்ள சிறிய தணிக்கை அலுவலகங்களில், பழைய கணக்கு மென்பொருளுக்காக ஒரு எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 கணினியை இன்னும் வைத்திருப்பவர்கள் உண்டு. பக்கத்து மேசையில் விண்டோஸ் 11 வந்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே யூஎஸ்பி லேசர் பிரிண்டர் என்றானதும் சிக்கல் தொடங்குகிறது.

வழியைத் தேர்வதற்கு முன், பழைய கணினி எது என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் கணினிகள் கோப்புகளையும் பிரிண்டரையும் நெட்வொர்க்கில் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை எஸ்எம்பி. எக்ஸ்பிக்குத் தெரிந்தது அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டுமே. விண்டோஸ் 7 எஸ்எம்பி 2.1 வரை பேசும். ஆகவே விண்டோஸ் 7க்கும் 11க்கும் இடையே பகிர்வதற்கு எஸ்எம்பி 1ஐ இயக்கத் தேவையே இல்லை. அப்படியிருந்தும் பழுதுபார்க்க வருபவர்களில் சிலர் முதலில் அதைத்தான் இயக்கிவிட்டுப் போகிறார்கள்.

எக்ஸ்பி என்றால் எஸ்எம்பி 1 தவிர்க்க முடியாதது, ஆனால் பிரிண்டர் எந்தக் கணினியில் செருகப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஆபத்தின் அளவு மாறுகிறது. பிரிண்டர் எக்ஸ்பியில் இருந்தால், புதிய கணினியில் எஸ்எம்பி 1இன் கிளையன்ட் பகுதி, அதாவது பிற கணினியைத் தொடர்புகொள்ளும் பகுதி, மட்டும் போதும். பிரிண்டர் புதிய கணினியில் இருந்தால், அதன் சர்வர் பகுதியை இயக்கி, வெளியிலிருந்து வரும் பழைய வகை இணைப்புகளுக்குக் கதவைத் திறந்துவைக்க வேண்டியிருக்கும். 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது இந்த நெறிமுறையின் சர்வர் பக்கத்து ஓட்டை வழியாகத்தான். அதற்கான திருத்தம் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வந்திருந்தது என்றாலும், கதவைத் திறப்பது நான் பரிந்துரைக்கும் செயல் அல்ல. விண்டோஸின் வசதிப் பட்டியலில் ‘தானாக அகற்று’ என்ற உட்பிரிவையும் சேர்த்துக் குறியிட்டிருந்தால், கணினி இயங்கும் நேரத்தில் 15 நாள் பயன்படாத எஸ்எம்பி 1 தானே நீங்கிவிடும். நேற்றுவரை வந்த அச்சு இன்று வராமல் போனால் முதலில் இதைப் பார்ப்பது நல்லது.

விண்டோஸ் 7 இருக்கும் இடங்களில் தொல்லை வேறு. 2021 செப்டம்பர் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பின், 11பி என்று முடியும் பிழை எண் பரவலாகத் தோன்றியது. பிரிண்டரைத் தாங்கும் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகும் இடம்) ஒரு மதிப்பைச் சுழியமாக்கினால் பிழை மறைகிறது, ஆனால் அந்தப் புதுப்பிப்பு அடைத்த ஓட்டையும் அதனுடன் திறந்துகொள்கிறது. இதற்கு மாற்றாக, அச்சிட வேண்டிய கணினியில் பிரிண்டரை ‘லோக்கல் பிரிண்டர்’ ஆகச் சேர்த்து, புதிய ‘லோக்கல் போர்ட்’ ஒன்றில் கணினிப் பெயரையும் பகிர்வுப் பெயரையும் கொடுத்து, டிரைவரை அங்கேயே நிறுவலாம். பிழைக்குக் காரணமான உரையாடல் நடக்காததாலும், 32 பிட், 64 பிட் டிரைவர் தகராறு எழாததாலும், ரெஜிஸ்ட்ரியைத் தொடும் வழியைவிட இதையே நான் மேலானதாகக் கருதுகிறேன். பிரிண்டரின் நிலைத் தகவல் திரையில் வராது என்பதே இதன் குறை. எக்ஸ்பிக்கு இந்த வழியிலும் எஸ்எம்பி 1 தேவை.

இவை எல்லாவற்றையும்விட, பிரிண்டருக்கே தனி முகவரி கொடுப்பது சிறந்தது. நெட்வொர்க் வசதியுள்ள பிரிண்டராக இருந்தால், இரு கணினிகளும் 9100ஆம் போர்ட்டில் நேரடியாக அனுப்பலாம். ரவுட்டரில் பிரிண்டரின் ஐபி முகவரியை நிலையாக ஒதுக்கினால் வேலை முடிந்தது. யூஎஸ்பி மட்டும் உள்ளவற்றுக்கு எஸ்.பி. ரோடு கடைகளில், பிரிண்டரை நெட்வொர்க்கில் இணைக்கும் பிரிண்ட் சர்வர் பெட்டி கேட்கலாம். ஆனால் நம் அலுவலகங்களில் மிகப் பரவலாக உள்ள ஹெச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900 இரண்டுக்கும் சாதாரணப் பெட்டி பெரும்பாலும் பொருந்துவதில்லை. முன்னதற்கு ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும் அதை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைக் கணினியே ஏற்ற வேண்டும். பின்னது கணினியோடு இருவழியாகப் பேசினால்தான் அச்சிடும்.

1020க்கு, ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் லினக்ஸின் கப்ஸ் என்ற அச்சு மென்பொருளை நிறுவி, 631ஆம் போர்ட் வழியாகப் பகிர்வது பொருத்தமானது. ஃபர்ம்வேரை அதுவே ஏற்றிவிடும். எக்ஸ்பியிலும் இப்படி அச்சிடுவதற்கான ஐபிபி நெறிமுறை வசதி இருப்பதால் பொதுவான போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரே அதற்குப் போதும். எல்பிபி 2900க்குக் கேனான் தரும் லினக்ஸ் டிரைவர், ராஸ்பெர்ரி பையில் உள்ள ஏஆர்எம் வகைச் சிப்புக்கு உரியதல்ல என்பதால், அதை வைத்திருப்பவர்கள் பிரிண்டரை விண்டோஸ் 7 கணினியிலேயே விட்டு, புதிய கணினியில் லோக்கல் போர்ட் அமைத்துக்கொள்வதே செலவில்லாத வழி.