கார் விற்கிறீர்களா? ஓபன் பேப்பரில் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்

வெள்ளவத்தையில் ஒருவர் தன் ஆல்டோவை விற்றார். காசு முழுதாகக் கைக்கு வந்தது. ஐந்து மாதம் கழித்துப் பொலிஸ் வீடு தேடி வந்தது. கார் அதற்குள் மூன்று கை மாறி, குருநாகல் பக்கம் யாரையோ இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் இன்னும் இவர் பெயர்தான். விற்றதற்கு அத்தாட்சி கேட்டார்கள், காட்ட ஒன்றுமில்லை. எழுதிக் கொடுத்த பற்றுச்சீட்டு வாங்கியவரிடம் போய்விட்டது. புரோக்கரின் போன் ஓஃப்.

பற்றுச்சீட்டு என்று அரைத் தாளில் "காசு பெற்றுக்கொண்டேன்" என எழுதி, 25 ரூபாய் முத்திரையில் கையெழுத்து வைத்துக் கொடுப்பதுதான் இங்கே வழக்கம். அது காசு கொடுத்தவருக்குத்தான் பாதுகாப்பு. விற்றவருக்குத் தேவையானது அதற்கு நேர் எதிரான தாள்: "வாகனத்தை நான் பொறுப்பேற்றேன்" என்று வாங்கியவர் வைக்கும் கையெழுத்து. இரண்டையும் ஒரே உடன்படிக்கையில் எழுதி, இரண்டு அசல் எடுத்து, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் வாகன இலக்கம், செஸி இலக்கம், எஞ்சின் இலக்கம் மூன்றும் சீ.ஆரில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில், உள்ளபடியே வர வேண்டும். செஸி இலக்கத்தை வாகனத்திலும் பார்த்து ஒப்பிடுங்கள். ஓர் எழுத்துப் பிசகினால் பிறகு இழுபறிதான். அடையாள அட்டையின் இரு பக்கப் பிரதியையும் வாங்கி, அதன் மேலேயே வாங்குபவரைக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். அட்டையில் உள்ள விலாசத்தில் இப்போது இல்லை என்றால், இருக்கும் விலாசத்தையும் எழுத வேண்டும். விலை இலக்கத்திலும் எழுத்திலும். முற்பணம் எவ்வளவு, மீதி எந்த வழியில் வந்தது என்பதும். சாட்சிக்கு இருவர், அதில் ஒருவராவது உங்கள் பக்கத்து ஆளாக இருக்கட்டும், புரோக்கரின் பையன்கள் இருவரும் வேண்டாம்.

பலர் விடுவது நேரத்தை. திகதி மட்டும் போதாது. காலை பத்தே முக்காலுக்குச் சாவி கொடுத்தீர்கள், பதினொன்றரைக்கு அந்தக் கார் இன்னொன்றில் மோதியது என்றால், அந்த முக்கால் மணித்தியாலம்தான் வழக்கே. ஆகவே இப்படி எழுதுங்கள்: "மேற்படி வாகனத்தை மு.ப. 10.45 மணிக்கு, மானி 84,300 கிலோமீற்றர் காட்டிய நிலையில், இருந்தபடியே பரிசீலித்துப் பொறுப்பேற்றேன். இந்நேரத்திலிருந்து எழும் விபத்து, தண்டப்பணம், வழக்கு அனைத்துக்கும் நானே பொறுப்பு." "இருந்தபடியே" என்ற சொல் இல்லாவிட்டால், அடுத்த கிழமை கியர்பொக்ஸ் போய்விட்டது என்று திரும்பி வருவார்கள். வாங்குபவருக்குத் தமிழ் தெரியாதென்றால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள்; தனக்கு விளங்காத தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது.

இனி ஓபன் பேப்பர். உரிமை மாற்றத்துக்கு எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 என்ற படிவங்கள். முதலாவது புதிய உரிமையாளரின் விண்ணப்பம், இரண்டாவது நீங்கள் கொடுக்கும் அறிவித்தல். வாங்குபவர் பெயரை நிரப்பாமல் உங்கள் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்வதுதான் ஓபன் பேப்பர். வாங்கி விற்பவர்கள் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு: மாற்றக் கட்டணம் மிச்சம், சீ.ஆரில் சொந்தக்காரர் எண்ணிக்கை கூடாததால் அடுத்த விலையும் குறையாது. அவர்களுக்கு லாபம், ஆபத்து உங்களுக்கு. 2025 ஏப்ரலில் இருந்து மாற்றத்துக்கு வரி அடையாள இலக்கமும் வேண்டும் என்று வந்த பிறகு, "டின் நம்பர் எடுக்கும் வரைக்கும் மாத்த ஏலாது அண்ணன், நீங்க சைன் பண்ணித் தாங்க" என்பது புதுச் சாட்டு. அப்படியென்றால் எடுத்துக்கொண்டு வரட்டும், கார் அதுவரை உங்கள் வாசலில் நிற்கட்டும்.

பெயர், விலாசம், திகதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து. நிரப்பிய தாள்களைப் போட்டோ கொப்பி எடுங்கள். கைமாறி 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்து ஆணையாளருக்கு அறிவிப்பது விற்றவரின் கடமை. வாங்கியவர் செய்வார் என்று விடாமல் நீங்களே பதிவுத் தபாலில் போட்டு, தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்து நாரஹேன்பிட்டியில் உள்ள திணைக்களத்துக்கே போய் மாற்றிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

காசு விசயத்தில், போனில் காட்டும் ஸ்கிரீன்ஷொட்டை நம்பவே வேண்டாம். உங்கள் கணக்கில், எடுக்கக்கூடிய மீதியில் தெரிய வேண்டும். செக் போட்டால் தொகை கணக்கில் தெரியும், ஆனால் தீரும் வரை அது காசு இல்லை. போயா விடுமுறைக்கு முந்திய பின்னேரம் செக்கோடு வந்து அவசரப்படுத்தினால், வங்கி திறக்கும் வரை கார் போகக் கூடாது.

வாங்குபவர் லீசிங்கில் எடுக்கிறார் என்றால் சீ.ஆரைப் புரோக்கர் கையில் கொடுக்க வேண்டாம். நிறுவனத்திலேயே ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகக் கடிதம் எடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அன்றைக்கே அறிவியுங்கள். நோ க்ளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் கழிவு) உங்களுடையது, அடுத்த வாகனத்துக்கு உதவும், அதற்கும் ஒரு கடிதம் கேளுங்கள்.

ஏற்கெனவே ஓபன் பேப்பரில் கொடுத்தாயிற்றா? வாங்கியவரின் போன் இலக்கம், காசு வந்த வங்கிக் கூற்று, புரோக்கரோடு பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அழியாமல் சேர்த்து வையுங்கள். விற்ற திகதியைச் சொல்லிப் பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியோடு ஆணையாளருக்கு இன்றே பதிவுத் தபாலில் எழுதுங்கள்.